அஸன்பே வளர்ந்த ஊர்கள்

1885இல் வெளிவந்த 'அஸன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறி ஆறே ஆண்டுகளில் இது வந்துவிட்டது. தமிழ்நாட்டில் ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடராக வரத் தொடங்கியது 1893இல்தான். அஸன்பேயை எழுதிய அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர், கண்டியில் சட்டத்தொழில் புரிந்தவர், கண்டி மாநகர சபையில் அங்கம் வகித்தவர், 1898இல் மறைந்தவர். இவையெல்லாம் நமது இதழ்களிலும் விழா மலர்களிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை. எனக்கு நெடுநாளாக யோசனையைத் தந்துகொண்டிருப்பது வேறொரு விடயம். கண்டிக்காரர் ஒருவர் எழுதிய அந்த நாவலில் கண்டி இல்லை. இலங்கையே கதைக்குக் களமாகவில்லை. கதை மிஸ்ர் தேசத்தின் காயிர் பட்டணத்தில் தொடங்குகிறது, பம்பாய்க்குப் போகிறது, கல்கத்தாவுக்குப் போகிறது, மீண்டும் காயிருக்கே வந்து சேருகிறது.

இதை ஒரு குறையாகவே நம்மவர் பலர் எண்ணி வந்திருக்கின்றனர். ஈழத்து நாவல் வரலாறு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஆண்டுக் கணக்கில் அஸன்பேக்கு முதலிடம் கொடுத்துவிட்டு, மண் கணக்கு வரும்போது 1905இல் வந்த சி. வை. சின்னப்பபிள்ளையின் 'வீரசிங்கன் கதை'க்கோ, 1914இல் வந்த மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதய'த்துக்கோ அந்த இடத்தைக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முதற் பிள்ளை இது, ஆனால் வீட்டுப் பிள்ளை அது என்பதுபோல. இந்தப் பங்கீடு எனக்குச் சரியாகப் படவில்லை. களம் என்பது எழுத்தாளன் பிறந்த ஊரின் பெயர் கதையில் வருகிறதா இல்லையா என்பது மட்டுமன்று. ஒரு பிள்ளை ஆளாகி வரும் கதையில் ஒவ்வோர் ஊரும் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அஸன்பேயின் ஊர்கள் கவனமாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை என்பதும், அவற்றைத் தெரிந்தெடுத்தது கண்டியில் இருந்த ஒரு மனம் என்பதும் விளங்கும்.

முதலில் கதையைச் சுருக்கமாக நினைவூட்டிக் கொள்வோம். காயிர் பட்டணத்தில் ராஜவம்சத்து யூசுபு பாஷாவுக்குப் பிறந்த ஆண் குழந்தை கடத்தப்படுகிறது. அது பம்பாயில், தான் யாரென்று தெரியாமலே வளர்கிறது. பிள்ளைப் பருவம் கழியும் வயதில் அந்த வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கல்கத்தா போய்ச் சேருகிறது. அங்கே கல்வியும் ஆங்கிலேயப் பெரியோரின் ஆதரவும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணின் அன்பும் கிடைக்கின்றன. வாலிபனாகி மிஸ்ருக்குத் திரும்பும் அஸன், தன் திறமையால் 'பே' என்ற பட்டத்தைப் பெறுகிறான். பெற்றோரையும் அடைகிறான். திருமணத்தோடு கதை முடிகிறது.

காணாமற்போன அரச பிள்ளை என்பது பழைய கதைதான். நம் வீடுகளில் இரவில் ராகமிட்டு வாசிக்கப்பட்ட கிஸ்ஸாக்களில் அப்படிப் பல பிள்ளைகள் உண்டு. ஆனால் கிஸ்ஸாவில் அந்தப் பிள்ளையை ஜின் தூக்கிச் செல்லும், அல்லது பறவை தூக்கிச் செல்லும். அவன் இறங்கும் ஊர் எந்த வரைபடத்திலும் இராது. அஸன் போன ஊர்கள் மூன்றும் வரைபடத்தில் உள்ளவை. அவற்றிடையே கப்பலும் புகைவண்டியும் ஓடின. பிரதாப முதலியாரின் ஊரான சத்தியபுரிகூடக் கற்பனை ஊர்தான் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழின் முதல் நாவலாசிரியர் இல்லாத ஊரைப் பக்கத்தில் படைத்தார். கண்டிக்காரரோ இருக்கும் ஊரைத் தூரத்தில் தேடிக்கொண்டார்.

பிள்ளை ஆளாகும் நாவல் என்ற வகைக்கு ஐரோப்பாவில் நீண்ட மரபு உண்டு. ஜேர்மனியில் கதே 1795, 96இல் எழுதிய 'வில்ஹெல்ம் மைஸ்டர்' நாவலிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். அந்த வகையில் களத்தின் வேலை என்ன என்று காட்ட நான் மாணவர்களுக்குச் சொல்வது டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' (1860, 61). சதுப்பு நிலத்துக் கொல்லன் வீட்டில் வளர்ந்த பிப் என்ற சிறுவன் கனவானாவதற்காக லண்டனுக்குப் போகிறான். ஆனால் ஊர் அவனை விடுவதில்லை. லண்டன் அறையில் இருக்கும்போதும் அந்தச் சதுப்பு நிலத்தில் சந்தித்த கைதி அவனைத் தேடி வந்து நிற்கிறான். வெட்கத்தையும் நன்றியையும் பிப்புக்குக் கற்பித்தவை அந்த இரண்டு இடங்களும், அவற்றுக்கு இடையிலான தூரமும்தான்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' 1947இல் சிங்களத்தில் வந்தது. தென்பகுதிக் கொக்கலையைச் சேர்ந்த உபாலி என்ற குறும்புக்காரச் சிறுவன் ஜின்னா என்ற தோழனோடு வீட்டை விட்டு ஓடி, கண்டல் மரம் அடர்ந்த ஒரு தீவைத் திருத்திப் பயிர் செய்து ஆளாகிறான். அவன் வளர்ந்து முடிக்கும் இடம் தோணியில் போகக்கூடிய தூரம்தான். மரம் வெட்டுவதும் கன்று நடுவதும் காவல் இருப்பதுமாகத் தீவே அவனுக்குப் பள்ளிக்கூடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொக்கலையில் விமானத் தளம் அமைப்பதற்காக மக்கள் எழுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நாவல் வருகிறது. கைவிட்டுப்போன ஊரை ஆசிரியர் பெயர் சொல்லி, செடி சொல்லி, மீன் சொல்லி எழுதினார். அவருக்கு அந்தத் தேவை இருந்தது. 1885இல் சித்திலெப்பைக்கு இருந்த தேவை வேறு.

அந்தத் தேவை என்னவென்று காண அஸன் சென்ற வழியை அட்லஸில் வரைந்து பார்த்தேன். சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல். பம்பாயையும் கல்கத்தாவையும் இணைக்கும் இருப்புப்பாதை முழுமையானது 1870இல். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது 1867இல். மூன்று நான்கு வருடங்களுக்குள் காயிரும் பம்பாயும் கல்கத்தாவும் கண்டியும் ஒரே புகையால் கட்டப்பட்டுவிட்டன. அப்போது சித்திலெப்பைக்கு வயது முப்பதளவில். கடுகண்ணாவை மலையைச் சுற்றி அந்த முதல் வண்டிகள் ஏறி வந்ததைப் பார்த்த தலைமுறை அவருடையது. கண்டி இராச்சியத்தில் நம் முன்னோர் பலர் தவளம் ஓட்டியவர்கள். பொதிமாடுகளில் உப்பையும் கருவாட்டையும் மலைக்குக் கொண்டுவந்து பாக்கையும் மிளகையும் கீழே கொண்டுபோனவர்கள். நாட்கணக்கில் மாட்டோடு நடந்த வழியைப் புகைவண்டி சில மணித்தியாலமாக்கிவிட்டது. தூரம் என்ற சொல்லின் பொருளே மாறிப்போன ஒரு காலத்தில் இருந்து எழுதிய கதை இது என்பதை மறந்துவிட்டு 'ஏன் காயிர்?' என்று கேட்பதில் பயனில்லை. கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி கட்டி முடிந்ததும் அதே 1885இல்தான். சுயஸ் வழியே வரும் கப்பல்களுக்குக் கொழும்பு பெரும் தரிப்பிடமாகிக்கொண்டிருந்தது. நாவலின் மூன்று ஊர்களும் அந்தக் கப்பல் வழியும் இருப்புப்பாதையும் சேர்ந்து வரைந்த வரைபடத்தில்தான் இருக்கின்றன. கண்டியை அந்த வரைபடத்தின் ஓரத்தில் நின்று அதைப் பார்க்கும் இடம் என்று சொல்லலாம்.

இனி ஊர்கள் ஒவ்வொன்றும் செய்யும் வேலைக்கு வருவோம்.

தொடக்கக் காயிர் வாசகருக்குத் தெரிந்த ஊர். அஸனுக்குத் தெரியாத ஊர். அந்தப் பிள்ளை எங்கே போனாலும் அவனுடைய ஊர் எதுவென்று நாம் அறிவோம், அவன் அறியான். களத்தை இப்படி ஓர் இரகசியமாக வைத்துக்கொள்வது கதையை நகர்த்த நல்ல உத்தி. பம்பாயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாருடைய பிள்ளை என்று யாரும் கேட்காத பெரிய துறைமுகம் அது. கடத்தி வந்த குழந்தை ஒன்று அங்கே வளரலாம். நம்முடைய சிறிய ஊர்களில் முடியாது. இங்கே புதிய குழந்தை ஒன்றைக் கண்டால் அஸர் தொழுகைக்குள் முழு ஊரும் விசாரித்து முடித்துவிடும்.

கல்கத்தாதான் முக்கியமான இடம். நாவலின் இதயம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அக்காலத்தில் பிரித்தானிய இந்தியாவின் தலைநகர் அதுவே. ஆங்கிலக் கல்வியும் அச்சும் சங்கங்களும் உத்தியோகமும் குவிந்திருந்த நகரம். ஒரு முஸ்லிம் பையன் அங்கே போய், ஆங்கிலேயர் நடுவே இருந்து, படித்து, நற்பெயர் எடுக்கிறான். அவன் முஸ்லிமாகவே இருக்கிறான். இன்று வாசிக்கும் நமக்கு இதில் அதிசயம் ஏதும் இல்லை. 1885இல் கண்டி, கம்பளை, மாத்தளைப் பகுதிகளில் இருந்த தகப்பன்மாருக்கு இது நம்ப முடியாத செய்தி. ஆங்கிலம் படிக்க வேண்டுமானால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைக்குத்தான் போகவேண்டும். போன பிள்ளை மார்க்கத்தை விட்டுப் போய்விடுவான் என்ற அச்சம் வீட்டுக்கு வீடு இருந்தது. ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதி, வாப்பாவின் கடையில் கணக்கு எழுதப் பழகினால் போதும் என்று எத்தனையோ நல்ல மூளைகள் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தன. இந்த அச்சத்தோடுதான் சித்திலெப்பை வாழ்நாள் முழுதும் மல்லாடினார். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1884இல் கொழும்பில், பின்னர் ஸாஹிராக் கல்லூரிக்கு வித்தான மத்ரஸா தொடங்குவதில் முன்நின்றார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்குத் தம் சகோதரியின் பொறுப்பில் பாடசாலை நடத்தினார். பாடநூல்களும் எழுதினார்.

பத்திரிகையில் கட்டுரையாக எழுதிப் பார்த்தார், மேடையில் சொல்லிப் பார்த்தார், பிறகு கதையாகவும் சொல்லிப் பார்த்தார். அந்தக் கதையைக் கண்டியில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கொழும்பு வீதிக் கடைக்காரர் மகன் ஒருவன் மிஷனரிப் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் படித்து, ஆங்கிலேயப் பெண்ணை மணந்து திரும்பினான் என்று எழுதியிருந்தால், அது யாருடைய மகன் என்று பள்ளிவாசல் முற்றத்தில் ஆராய்ச்சி நடந்திருக்கும். கதை அமுங்கி வம்பு மேலெழுந்திருக்கும். சிறிய சமூகத்துக்குள் எழுதுகிற எவருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். நானே பாடசாலை மலரில் ஒரு சிறுகதை எழுதிவிட்டு, அதில் வந்த கஞ்சன் யார் என்று மூன்று மாதம் விளக்கம் சொல்லித் திரிந்திருக்கிறேன். கல்கத்தா என்ற தூரம் அந்த வாசகர்களுக்கு ஒரு திரையாக இருந்தது. அஸன் யாருடைய பிள்ளையும் அல்லன். அதனால் எல்லா வாப்பாமாரும் தம் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. களத்தைத் தூரத்தில் வைத்தது சமூகத்துக்கு ஒளிந்து ஓடிய செயலன்று. சமூகத்தோடு பேசுவதற்கு அவர் கண்டுபிடித்த ஒரே வழி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

மீண்டும் வரும் காயிரைப் பற்றிச் சொல்வதற்கு அக்காலத்து எகிப்தின் நிலையைச் சொல்லியாக வேண்டும். 1882 செப்டெம்பர் 13இல் தெல்-எல்-கபீர் சண்டையில் அறபி பாஷாவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. ஆங்கிலப் படை காயிரைப் பிடித்தது. அறபி பாஷாவும் தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார்கள். துறைமுகத்தில் அவர்களைப் பார்க்க முஸ்லிம்கள் திரண்டார்கள். 'முஸ்லிம் நேசன்' பிறந்தது தெல்-எல்-கபீருக்கு மூன்று மாதம் கழித்து, அறபி பாஷா வருவதற்குச் சில வாரம் முன்பு. உலக முஸ்லிம்களின் செய்தியைத் தமிழில் தருவது அப்பத்திரிகையின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஆகவே 1885இல் அஸன்பேயைக் கையில் எடுத்த வாசகனுக்கு மிஸ்ர் என்பது ஆயிரத்தோர் இரவுகளின் தேசமன்று, பத்திரிகையில் வாரந்தோறும் வாசித்த தேசம். விழுந்துபோன தேசம். அத்தேசத்தின் தலைவர்களைக் கொழும்பில் கண்ணாலும் காணலாம்.

அந்த மிஸ்ரை நாவலாசிரியர் எப்படி வைக்கிறார் என்பதுதான் பார்க்கத்தக்கது. நாவலின் காயிரில் பாஷாக்கள் தம் வீட்டில் இருக்கிறார்கள். அரசு நடக்கிறது. திறமையுள்ள வாலிபனுக்குப் பட்டம் கொடுக்க ஆள் இருக்கிறது. பத்திரிகையில் விழுந்து கிடந்த நாட்டை நாவலில் நிற்க வைத்திருக்கிறார். ஆனால் ஆங்கிலேயரைப் பகைவராகவும் ஆக்கவில்லை. அஸனை ஆளாக்கிய கல்கத்தா ஆங்கிலேயருடைய நகரம், அவன் மணப்பது ஆங்கிலேயப் பெண்ணை. இதைச் சிலர் ஆங்கில விசுவாசம் என்று எளிதில் சொல்லிவிடுகிறார்கள். கண்டியில் நீதிமன்றத்திலும் மாநகர சபையிலும் ஆங்கிலேயரோடு தினமும் பழகிக்கொண்டு, அதேவேளை அறபி பாஷாவைக் கொண்டாடிய ஒருவருடைய மனநிலை அவ்வளவு எளிமையானதாக எனக்குத் தெரியவில்லை. கல்கத்தாவில் கற்றுக் காயிரில் பணிபுரி என்பது அஸனுடைய பாதை. ஆங்கிலேயரிடம் கல்வியை எடுத்துக்கொள், உன் திறமையை உன் மக்களுக்குக் கொடு என்று அதை வாசிக்க முடியும். இரண்டு ஊர்களை அடுத்தடுத்து வைத்தே இதைச் சொல்லிவிட்டார். பாத்திரங்களின் வாயில் பிரசங்கமாக வைத்திருந்தால் இத்தனை தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஊர்கள் பெயரளவில் வலுவாக இருக்கின்றன, கண்ணுக்கு முன் எழுந்து நிற்பது குறைவு. சம்பவம் மிகுதி, வருணனை சொற்பம். தமிழில் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்த நிலத்து மரம், பறவை, உணவு, தொழில், பறை முதலானவை கருப்பொருள் என்றும் தொல்காப்பியர் வழியில் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த அளவுகோலை வைத்தால் அஸன்பேயில் முதற்பொருள் உண்டு, கருப்பொருள் போதாது. 'மடோல் தூவ'வை வாசித்த பிள்ளைக்குக் கண்டல் வேரின் வாசம் நினைவிருக்கும். அஸன்பேயை வாசித்த பிள்ளைக்குப் பாதை நினைவிருக்கும், தெரு நினைவிருக்காது. (பிரிவும் வழிநடையுமே கதையாக இருப்பதால் இந்த நாவலின் திணை பாலை என்று கலாசாலை நாட்களில் நாங்கள் விளையாட்டாகச் சொல்வதுண்டு. முழுக்க விளையாட்டும் அன்று.) பிப்பை ஊர் துரத்துவதுபோல அஸனைப் பம்பாய் துரத்துவதில்லை. ஓர் ஊரை விட்டால் அது முடிந்துபோகிறது. ஆளாகும் பிள்ளையின் உள்ளே இடங்கள் படிந்து கிடக்கும் என்பதைக் காட்ட நம் நாவல் இன்னும் கொஞ்சக் காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கண்டி இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். களமாக இல்லை என்பதே சரி. மொழியாக இருக்கிறது. அக்காலத்து முஸ்லிம்கள் எழுதிய தமிழில், நம் பேச்சில் கலந்திருக்கும் அரபுச் சொற்களோடு, நாவல் எழுதப்பட்டிருக்கிறது. எகிப்தை மிஸ்ர் என்றும் கெய்ரோவைக் காயிர் என்றும் சொன்னது தமிழ்ப் பண்டிதருக்காக அன்று, ஆங்கிலம் கற்றோருக்காகவும் அன்று. அந்தப் பெயர்களை ஓதலிலும் கிஸ்ஸாவிலும் கேட்டுப் பழகிய வீடுகளுக்காக. காயிரின் பாஷாவும் கல்கத்தாவின் துரையும் நம் வீட்டுத் தமிழில் பேசும்போது, தூரத்து ஊர் உம்மாமாரின் திண்ணைக்கு வந்துவிடுகிறது. செந்தமிழ் எழுதத் தெரியாதவர் என்று அவரைக் குறைசொன்னால், அந்தத் திண்ணையைப் பார்க்காத குறைதான் அது.

இவ்வளவையும் நான் ஓர் இலக்கிய விசாரணையாக மட்டும் எழுதவில்லை. கண்டியிலிருந்து வடக்கே, மலைச்சரிவில் இருக்கும் ஒரு கிராமப் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். பத்தாம் தர மாணவர்களுக்குப் பாடவேளை முடிந்த பின் இந்தக் கதையைச் சொல்லி, கரும்பலகையில் அஸனின் வழியை வரைந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "எங்கட ஊர் ஏன் சேர் இதில இல்ல?" இன்னொருவன் முந்திக்கொண்டான்: "அதுதான்டா அவங்களும் கேக்கிறாங்க." வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் அக்குறணையிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது அந்தப் பையன்கள் மிகச் சிறியவர்கள். என்றாலும் அந்த நாட்களில் வீட்டில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்ற கேள்வி அவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் வருவதன்று, பஸ்ஸில் வருவது.

அதன் பின் எங்கள் பாடசாலைச் சுவர்ப் பத்திரிகைக்குப் பிள்ளைகள் எழுதும் கதைகளில் ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். ஊரின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. இரண்டாம் வரியில் கண்டி மன்னர் காலத்துத் தவளக்காரரோ அரண்மனை வைத்தியரோ வந்துவிடுகிறார். கதையில் ஒரு சிறுவன் பட்டம் விடுவதாக இருந்தாலும் அவனுடைய பாட்டனாரின் காணி உறுதி எங்காவது எட்டிப் பார்க்கும். பிழை என்று சொல்ல மாட்டேன். அந்த வரலாறு உண்மையானது, அவர்களுக்கு வேண்டியது. ஆனால் களம் கதைக்காக அன்றிச் சாட்சியத்துக்காக வந்து நிற்கும்போது, கதையில் வரும் பிள்ளைக்கு வளர இடம் போதாமற்போகிறது. அவன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாக்குமூலம் கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.

சித்திலெப்பைக்கு இந்த நெருக்கடி இருக்கவில்லை என்றும் சொல்வதற்கில்லை. இலங்கைச் சோனகர் யார் என்ற விவாதம் அவர் காலத்திலேயே சூடுபிடித்தது. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் அரச ஆசியக் கழகத்தில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்ற கருத்தில் கட்டுரை வாசித்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்கென முதல் அங்கத்தவர் நியமிக்கப்பட்டது 1889இல். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு எழுதிய மறுப்பு 1907இல் வந்தது. கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் முன் கலவரம் தொடங்கியது 1915 மே மாத இறுதியில், சித்திலெப்பை மறைந்து பதினேழு ஆண்டுகளின் பின். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் 1885 ஒரு முன்வாசல் போலத் தெரிகிறது. தான் இந்த ஊரான் என்று நாவலில் நிரூபிக்க வேண்டிய அவசியம் அவருக்கு அப்போது வரவில்லை. பகலெல்லாம் கண்டி நீதிமன்றத்தில் கண்டியாரின் வழக்குகளையும் சபையில் கண்டியின் காரியங்களையும் பார்த்துவிட்டு வந்தவர், இரவில் தன் பேனாவுக்குக் கண்டியை விட்டு வெளியே போக அனுமதி கொடுத்தார். ஊரில் கால் ஊன்றியிருந்ததால்தான் அவரால் ஊரை விட்டு எழுத முடிந்தது என்று அந்த மாணவர்களுக்குச் சொன்னேன்.

பின்வரிசைப் பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்ப அஸன் கடைசில கண்டிக்கு வந்திருந்தா என்ன சேர் குறைஞ்சு போகும்?" என்றான். நல்ல கேள்விதான். அவனுடைய வாப்பா கத்தாரில் இருக்கிறார். எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வாப்பாமார் அந்தப் பக்கம்தான். சிலருடைய உம்மாமாரும். சாதாரண தரம் எழுதி முடித்த கையோடு கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் பையன்கள் இவர்கள். அஸனைப் போலவே இவர்களும் அரபு தேசத்தில் ஆளாகப் போகிறார்கள். ஆனால் அங்கே இவர்களுக்காக யூசுபு பாஷா யாரும் காத்திருக்கவில்லை, பட்டமும் காத்திருக்கவில்லை. இரண்டு வருட ஒப்பந்தமும் ஓர் அறையில் ஆறு கட்டிலும் காத்திருக்கின்றன. அஸனுக்குக் காயிர் வீடு, இவர்களுக்கு வீடு இங்கே. பாதை ஒன்றுதான், திசை தலைகீழ். இந்தப் பாதையை வைத்து நம்மில் யாராவது ஒரு நாவல் எழுதினால், அதில் தோஹாவும் றியாதும் அஸனுடைய கல்கத்தாபோல வருமா, பம்பாய்போல வருமா என்று அவர்களையே கேட்டேன். பம்பாய் என்று உடனே பலர் சொன்னார்கள். ஒரு மாணவி மட்டும், ஆளைப் பொறுத்தது என்றாள்.

அஸன் கண்டிக்கு வரவில்லை. ஆனால் நாவலின் களம் நாவலாசிரியரின் ஊரைத் தேடி வந்தது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நாவல் வெளிவந்து ஏழு ஆண்டுகளின் பின், 1892இல், அறபி பாஷா கொழும்பிலிருந்து கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஹல்லொலுவை வீதியில் அவர் வாழ்ந்த வீடு 1983இல் அவர் நினைவு நிலையமாகத் திறக்கப்பட்டது. அதே 1892இல்தான் மருதானையில் ஸாஹிராவின் தொடக்கமும் நிகழ்ந்தது. அறபி பாஷா அதற்கு ஆதரவாக நின்றார். மிஸ்ரின் மெய்யான பாஷா ஒருவர், தன் தேசத்தை விட்டு, கண்டி மழையில் வாதத்தோடும் ஏக்கத்தோடும் ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில் ஆறு, சித்திலெப்பையின் கடைசி ஆறு ஆண்டுகள். 1901இல் அறபி பாஷாவுக்கு எகிப்து திரும்ப அனுமதி கிடைத்தது. கண்டியிலிருந்து புகைவண்டியில் கொழும்புக்கும், அங்கிருந்து கப்பலில் சுயஸுக்குமாக, அஸனுடைய கதை ஓடிய அதே கடல் வழியே அவர் வீடு போனார்.